உப்பு போன தூது

மணல்துறை என்ற கடற்கரை ஊரில் கடலரசி என்று ஒரு ஹோட்டல் இருந்தது. அதன் பின்புறம், மோட்டார் அறையின் தரைக்குக் கீழே, ஓர் ஆழ்துளைக் கிணறு. அந்தக் கிணற்றின் இருட்டுக்குள், நீண்ட குழாயின் நுனியில், ஒரு மோட்டார் தொங்கிக்கொண்டிருந்தது.

மேலே சுவிட்ச் விழுந்தால் மோட்டார் சுழலும். அது சுழன்றால் தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியில் போய்த்தான் நிற்கும். அதில் மோட்டாருக்குக் கொள்ளைப் பெருமை.

"கடலுக்கு இத்தனை பக்கத்துல இருந்துக்கிட்டு இவங்க நல்ல தண்ணி குடிக்கிறாங்கன்னா, அது யாராலே?" என்று குழாயிடம் கேட்கும்.

"உன்னாலதான், உன்னாலதான்" என்று குழாய் அலுத்துக்கொள்ளும். கீழே உள்ள தண்ணீரை மேலே கொண்டுபோவதும், மேலே நடக்கிற பேச்சைக் கீழே கொண்டுவருவதும் குழாயின் வேலை. இரண்டையும் அது சிந்தாமல் செய்யும்.

மோட்டாரைச் சுற்றி, மணலுக்குள், நல்ல தண்ணீர் இருந்தது. எத்தனையோ மழைக்காலங்கள் பெய்து இறங்கிச் சேர்ந்த தண்ணீர். அதற்கும் கீழே, கடலிலிருந்து மெல்ல நுழைந்து வந்த உப்புத் தண்ணீர் படுத்திருந்தது. உப்பின்மேல் நல்ல தண்ணீர் உட்கார்ந்து, தன் கனத்தால் அதை அமுக்கி வைத்திருந்தது. இரண்டுக்கும் நடுவே கோடு எதுவும் இல்லை. அந்தக் கனம்தான் கோடு.

ஹோட்டலில் புதிய கட்டடம் எழும்பிய வருஷம் அது. அறைக்கு அறை குளியல்தொட்டி வந்தது. முற்றத்தில் நீச்சல்குளம் வந்தது. கடல்மணலின் மேல் செம்மண்ணைக் கொட்டிப் பச்சைப் புல் பரப்பினார்கள். காலையில் ஓடத் தொடங்கும் மோட்டார் பொழுது சாயும்வரை நிற்காமல் ஓடியது.

ஒருநாள் நல்ல தண்ணீர், "கொஞ்சம் நிறுத்தேன்" என்றது.

அது பேசியதே அபூர்வம். மோட்டார் சுழன்றபடியே கேட்டது: "எதுக்கு?"

"என் கனம் குறையுது."

"குறைஞ்சா நல்லதுதானே? தூக்குறதுக்கு லேசா இருக்கும்."

"எனக்குக் கீழே ஒருத்தன் படுத்திருக்கான். நான் எந்திரிச்சா அவனும் எந்திரிப்பான்."

மோட்டார் சிரிப்பதற்குள் கீழிருந்து வேறொரு குரல் வந்தது. குளிர்ந்த, மரியாதையான குரல்.

"மாப்பிள்ளே, சௌக்கியமா? நீ சுத்துற சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன். நானா எங்கேயும் போறவன் இல்லை. யாராவது இடம் விட்டா வருவேன். நீ நல்லா இடம் விடுதே."

மோட்டாருக்கு முதல்முறையாகத் தன் சத்தம் தனக்கே பிடிக்காமல் போனது.

அன்று மாலை, சுவிட்ச் அணைந்த பிறகு, மணல் வழியாக இன்னொரு குரல் வந்தது. ஹோட்டலின் மதிலுக்கும் கடலுக்கும் நடுவே சிலுவைத் தெரு என்று ஒரு மீனவர் தெரு உண்டு. அந்தத் தெருவின் முனையில் நிற்கும் அடிபம்பின் குரல் அது.

"தம்பி, நான் பக்கத்துத் தெரு அடிபம்பு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு அக்கா."

"இன்னிக்குக் காலையில எங்க தெருப் பொம்பளைங்க தண்ணி அடிச்சாங்க. குடிச்சவுக அத்தனை பேரும் துப்பிட்டாங்க. என் காலடிக்கு உப்பு வந்துட்டு. நீ இழுக்கிற இழுப்புல என் பக்கத்துத் தண்ணி எல்லாம் உன் பக்கம் சாயுது. காலியான இடத்துல கடல் ஏறுது."

"நான் என் தண்ணியைத்தான் எடுக்கேன்" என்றது மோட்டார்.

"உன் தண்ணி, என் தண்ணின்னு கீழே ஏது தம்பி? மதில் மேலேதானே இருக்கு?"

அடிபம்பு தொடர்ந்தது.

"உங்க மேனேஜர் சகாய ரூபி இருக்காளே, அவளும் எங்க தெருக்காரிதான். என்கிட்டதான் தண்ணி பிடிக்கா. இன்னிக்கு ஒரு வாய் குடிச்சுட்டு முகத்தைச் சுளிச்சா. 'கடல் பொங்கியிருக்கு போல'ன்னு சொல்லிட்டு, அதையே குடத்துல நிரப்பி வச்சுட்டு, உங்க ஹோட்டலுக்கு வேலைக்குப் போனா. அங்க வந்து உன் சுவிட்சைப் போட்டதும் அவதான்."

"அவளுக்குத் தெரியாதா?"

"யாரு சொல்லுவா?"

மறுநாள் சுவிட்ச் விழுந்ததும் மோட்டார் குழாயை அழைத்தது. "மேலே எல்லாரையும் கூட்டிக் கேளு. கொஞ்சம் குறைச்சுக்கிட்டா என்னன்னு கேளு."

குழாய் கேட்டது. முதலில் மொட்டைமாடித் தொட்டிதான் இரைந்தது. "ஏலே, எனக்கா தாகம்? கீழே திறக்காங்க, நான் குடுக்கேன். என்னைக் குறைக்கச் சொல்லி என்ன புண்ணியம்?"

"நான் என்னிக்கோ ஒருதடவை வயிறு நிறையக் குடிச்சேன்" என்றது நீச்சல்குளம். "வெயில் கொண்டுபோறதை மட்டும்தான் தினமும் கேக்கேன். வெயில்கிட்டப் போய்ச் சொல்லு."

"நான் காஞ்சா ஹோட்டல் மானம் போயிரும்" என்றது புல்தரை. "வாசல்ல இறங்குறவங்க முதல்ல பாக்குறது என்னைத்தான்."

துணி துவைக்கும் எந்திரம் சீறியது. "ஒருநாள் படுத்த விரிப்பைத் துவைன்னு சொல்றது நானா? போடுறாங்க, துவைக்கேன்."

"என் படத்தைப் போட்டுத்தான் ரூம் விக்காங்க" என்றது குளியல்தொட்டி. அதற்குமேல் பேச அதற்கு எதுவும் இல்லை.

கடைசியாக, எங்கோ ஒரு கழிவறையிலிருந்து, ஒரு மெல்லிய குரல் வந்தது. "நான் குடிக்கவே இல்லைங்க. என் வால்வு தேஞ்சு போச்சு. சும்மா ஒழுகிக்கிட்டு இருக்கேன்." அதைத் தொடர்ந்து பக்கத்து அறையிலிருந்து இன்னொரு குரல், "நானும்தான்" என்றது. அதற்கடுத்த அறையிலிருந்து இன்னொன்று. மாடிக்கு மாடி அந்தக் குரல்கள் கிளம்பி வந்துகொண்டே இருந்தன.

மோட்டாருக்கு அந்தக் குரல்கள்தான் பெரும் பயத்தைத் தந்தன. கேட்டுக் குடிப்பவனிடம் சண்டையாவது போடலாம்.

"யாரும் விட்டுக்கொடுக்கத் தயாரா இல்லை" என்றது குழாய்.

"அப்படின்னா நான் நிக்கேன்" என்றது மோட்டார்.

அது தன் உடம்பைச் சூடேற்றிக்கொண்டது. மேலே சுவிட்ச் பலகையில், மோட்டார் சூடேறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப்பர் பட்டென்று விழுந்தது. ரூபி வந்து தூக்கிவிட்டாள். மறுபடி விழுந்தது. மறுபடி தூக்கிவிட்டாள். மூன்றாம் தடவை அவள் போன் எடுத்தாள்.

மெக்கானிக் கனி வந்தான். கூடவே ஹோட்டல் முதலாளி தவசிலிங்கமும் வந்தார். கிணற்றின் வாயருகே நின்று அவர்கள் பேசியது ஒரு சொல் விடாமல் கீழே கேட்டது.

"மோட்டார்ல கோளாறு இல்லை அண்ணாச்சி. தண்ணி இறங்கிப்போச்சு, அதான் திணறுது. இன்னும் கொஞ்சம் குழாய் சேத்து ஆழத்துல இறக்கிட்டா சரியாயிடும்."

"இறக்கு" என்றார் தவசிலிங்கம். "அதுக்கும் மக்கர் பண்ணிச்சுன்னா, இதைத் தூக்கிப் போட்டுட்டுப் பெரிசா ஒண்ணு மாட்டிரு. ஹோட்டல்ல ஒரு கல்யாணம் வருது. ரெண்டு கட்டடமும் நிறைஞ்சிருக்கு. தண்ணி இல்லைங்கிற பேச்சே இங்க வரப்படாது."

ரூபி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அண்ணாச்சி, எங்க தெருவுல தண்ணி ஒருமாதிரி கரிக்குது."

"கடலுக்குப் பக்கத்துல குடியிருந்தா கரிக்கத்தான் செய்யும்."

கனி குழாயை இணைத்தான். மோட்டார் இறங்கியது. எவ்வளவு இறங்கியது என்று அதற்கே தெரியவில்லை. நல்ல தண்ணீர் தலைக்குமேல் விலகிப் போனது. அடியில் கடுங்குளிர் தட்டியது.

"வா மாப்பிள்ளே" என்றது உப்பு. "நான் வந்து கதவைத் தட்டணும்னு நினைச்சேன். நீ வீடு தேடியே வந்துட்டியே."

மோட்டாரின் கால்மாட்டிலேயே அது படுத்திருந்தது.

இப்போது மோட்டாருக்கு எல்லாப் பக்கமும் அடைபட்டுவிட்டது. தான் நின்றால் பெரிய மோட்டார் வரும். அது இன்னும் மூர்க்கமாக இழுக்கும். தான் ஓடினால் உப்பு ஏறும். ஓடினாலும் கேடு, நின்றாலும் கேடு.

"ரொம்ப யோசிக்காதே" என்றது உப்பு. "எனக்கு அவசரமே இல்லை. முதல்ல அந்தத் தெருவை முடிச்சுக்கிடுதேன். ஏற்கெனவே பாதி முடிஞ்சாச்சு. அப்புறம் மதிலுக்கு இந்தப் பக்கம். உன் குழாய்ல கடைசியாத்தான் ஏறுவேன். மேலே இருக்கிறவுக என் ருசி பாக்கிற அன்னிக்கு, இந்த நல்ல தண்ணி அம்மாவுக்கு என்னை அமுக்க ஒரு கைப்பிடி கனம்கூட மிஞ்சியிருக்காது. அப்ப அவுக அழுதாலும் நான் போகணும்னு கட்டாயம் இல்லை."

சொல்லிவிட்டு அது நிம்மதியாகப் புரண்டு படுத்துத் தூங்கிவிட்டது. சொல்லியிருக்கக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அதற்குத் தோன்றவில்லை.

மோட்டார் அந்தப் பேச்சையே திரும்பத் திரும்ப நினைத்தது. பிறகு மேலே இருந்த நல்ல தண்ணீரை மெதுவாகக் கூப்பிட்டது.

"அம்மா, இப்ப உன்கிட்ட எவ்வளவு கனம் இருக்கு?"

"இவனை அமுக்குற அளவுக்கு இருக்கு. நாளாக நாளாக இருக்காது."

"அப்படின்னா இவனை இப்பவே மேலே கூப்பிடுதேன்."

நல்ல தண்ணீர் திடுக்கிட்டது. "பைத்தியமா உனக்கு?"

"கேளு. இவன் தெருவைத் தின்னுட்டுக் கடைசியா வந்தா, அவங்களுக்குத் தெரியுறப்ப எல்லாமே முடிஞ்சு போயிருக்கும். இப்பவே வந்துட்டா, நீ தெம்பா இருக்கும்போதே தெரிஞ்சிரும். அவங்க என்னை நிறுத்துவாங்க. நான் நின்னா நீ இவனை அமுக்கிரலாம்."

"நிறுத்தலைன்னா?"

மோட்டார் கால்மாட்டில் கிடந்த உப்பைப் பார்த்தது.

"சொல்லு. நிறுத்தாம, சரி, இன்னும் ஆழத்துல இறக்குன்னு சொன்னா?"

"அப்ப உன்னைக் கொன்னது நான்தான்" என்றது மோட்டார். "ஆனா நான் சும்மா இருந்தாலும் நீ சாகத்தான் போறே. அந்தத் தெருவோட சேத்து."

மணலுக்குள் எங்கோ ஒரு சிப்பி நெரிபடும் சத்தம் கேட்டது.

"எப்ப?" என்றது நல்ல தண்ணீர்.

"கல்யாணத்தன்னிக்கு. எல்லாக் குழாயும் திறந்திருக்கும். முதலாளியும் அங்கதான் இருப்பாரு."

கல்யாணம் வந்தது. விடிந்ததுமே மேலே நாயனம் கேட்டது. அறைக்கு அறை குழாய்கள் திறந்தன. சுவிட்ச் விழுந்தது.

மோட்டார் தன் முழு பலத்தோடு சுழன்றது. இதுவரை அப்படி அது இழுத்ததில்லை. சுற்றியிருந்த நல்ல தண்ணீர் விலகிக் கொடுத்தது.

"உப்பு மாமா!" என்று கத்தியது மோட்டார். "இடம் விட்டா வருவேன்னு சொன்னீங்களே. இடம் விடுதேன், வாங்க."

உப்பு எழுந்து உட்கார்ந்தது. "என்ன மாப்பிள்ளே, திடீர்னு இந்த உபசாரம்? பொறி ஏதும் வச்சிருக்கியா?"

"பயமா இருந்தா வராதீங்க."

"பயமா? எனக்கா?"

கறையான்புற்று வளர்வதுபோல உப்பு கூம்பிக் கூம்பி மேலே எழுந்தது. மோட்டாரின் காலைத் தொட்டது, வாயைத் தொட்டது, உள்ளே நுழைந்தது. இரும்பெல்லாம் எரிந்தது. மோட்டார் பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் குழாயில் ஏற்றியது.

"போகுது" என்றது குழாய். "தொட்டியில விழுந்துட்டு. கீழே இறங்குது. சமையல்கட்டுக்குப் போயிட்டு."

"என்ன நடக்குது?"

"மாஸ்டர் பால்ல தண்ணி விட்டு அடுப்புல வச்சிருக்காரு. பொண்ணு மாப்பிள்ளைக்குப் பால்பழம் குடுக்கிற நேரம். ஐயோ…"

"என்ன?"

"பால் திரிஞ்சு போச்சு."

மேலே ஒரு பாத்திரம் உருண்டது. கல்யாண வீட்டில் பால் திரிந்துவிட்டது என்றால் பேச்சு என்ன வேகத்தில் பரவும்! யாரோ "அபசகுனம்" என்றார்கள். யாரோ மாஸ்டரைத் திட்டினார்கள். மாஸ்டர், "என் கையில என்னம்மா இருக்கு? தண்ணியைக் குடிச்சுப் பாருங்க" என்று கத்தினார்.

"ரூபி வந்துட்டா" என்றது குழாய். "குழாயைத் திறக்கா. கையில ஏந்திக் குடிக்கா."

"துப்பிட்டாளா?"

"இல்லை. வாயிலேயே வச்சிருக்கா. அசையாம நிக்கா." குழாய் சற்று நிறுத்தியது. "இப்ப முழுங்கிட்டா. ஓடுறா. இங்கதான் வாரா."

மோட்டார் அறைக் கதவு அறைந்து திறந்தது. சுவிட்ச் அணைந்தது.

சுழற்சி நின்றதும் கீழே எல்லாம் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு நல்ல தண்ணீர் தன் எல்லாக் கனத்தையும் திரட்டிக்கொண்டு உப்பின் தலைமேல் உட்கார்ந்தது. உப்பு திமிறியது.

"பொறிதான் வச்சிருக்கே!" என்று உறுமியது அது. "இருக்கட்டும் மாப்பிள்ளே. நான் பாதி வீட்டுக்கு வந்துட்டேன். மேலே இருந்து இன்னும் ஒரே ஒரு தடவை உன்னை ஓடவிடட்டும். அதுக்கப்புறம் இந்தம்மாவால என்னை இறக்கவே முடியாது."

"ஓடமாட்டேன்" என்றது மோட்டார்.

"ஓடுறதும் நிக்கிறதும் உன் கையிலயா இருக்கு?"

இல்லை. அது மோட்டாருக்கும் தெரியும். அது காதைத் தீட்டிக்கொண்டு மேலே நடப்பதைக் கேட்டது.

தவசிலிங்கத்தின் செருப்புச் சத்தம் வேகமாக வந்து நின்றது. "எதுக்கு ரூபி மோட்டாரை நிறுத்தினே? ரெண்டு கட்டடத்துலயும் ஆளுங்க குளிச்சுக்கிட்டு இருக்காங்க. போடு சுவிட்சை."

"போடமாட்டேன் அண்ணாச்சி."

"என்ன சொன்னே?"

"தண்ணியில கடல் ஏறியிருக்கு. இன்னும் ஓட்டினா முழுசா ஏறிடும்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். கனிக்குப் போன் போடு, இன்னும் இறக்கச் சொல்லு. பெரிய மோட்டார் வேணும்னா அதையும் எடுத்துட்டு வரச் சொல்லு. இப்ப சுவிட்சைப் போடு."

கடக்கென்று ஒரு சத்தம். மோட்டாருக்கு மின்சாரம் விடும் பீஸ் கட்டையை ரூபி பலகையிலிருந்து உருவிவிட்டாள் என்று குழாய் கிசுகிசுத்தது. கையை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

"இது யாரு ஹோட்டல் ரூபி?" தவசிலிங்கத்தின் குரல் தாழ்ந்திருந்தது. கோபம் முற்றினால் அவர் குரல் இப்படித்தான் தாழும்.

"உங்க ஹோட்டல்தான். ஆனா இந்த உப்பை இன்னிக்குக் காலையில நான் என் வீட்ல குடிச்சுட்டு வந்தேன் அண்ணாச்சி. இதே உப்பு. எங்க தெரு அடிபம்புல வந்தப்ப கடல்மேல பழியைப் போட்டேன். தினமும் இந்த சுவிட்சைப் போட்டது என் கைதான். என் வீட்டுத் தண்ணியை நானே இழுத்து இங்க புல்லுக்கு விட்டுருக்கேன்."

"வெளியே கல்யாண வீட்டுக்காரங்க நிக்காங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"சமையலுக்கு இன்னிக்கு ஒரு லாரி தண்ணிக்கு இப்பவே சொல்றேன். தண்ணி கலக்காம வேற பால் காய்ச்சச் சொல்றேன். குளிக்கிறதுக்குத் தொட்டியில இருக்கிறது போதும், வாளியும் கப்பும் குடுத்தா. உப்புத்தான், ஒருநாள் குளிச்சா ஒண்ணும் ஆகாது. நானே போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் கும்பிட்டுச் சொல்றேன்."

"கட்டையைக் குடு."

"குடுக்கேன். வாங்கிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிருங்க. அடுத்து வர்ற மேனேஜர் சுவிட்சைப் போடுவாரு. அப்புறம் இங்க ஒரு நாளும் பால் காயாது."

கீழே உப்பு ஆவலோடு தலையைத் தூக்கியது. நல்ல தண்ணீர் நடுங்கியபடி அழுத்திக்கொண்டிருந்தது.

மோட்டார் அறையின் மூலையில் ஒரு சிறிய குழாய் உண்டு. அது கிறீச்சென்று திறக்கும் சத்தம் கேட்டது. தவசிலிங்கம் குனிந்து ஒரு வாய் குடித்தார். துப்பினார். மறுபடி ஒரு வாய் குடித்தார். இந்தத் தடவை துப்பும் சத்தம் உடனே கேட்கவில்லை.

"எங்க அடிபம்புல இதைவிட ஜாஸ்தி அண்ணாச்சி" என்றாள் ரூபி.

அவர் குழாயை மூடினார். முழுவதும் மூடிவிட்டதா என்று மறுபடி ஒருமுறை திருகிப் பார்த்தார்.

"நீ போய் வந்தவுகளைக் கவனி" என்றார். "கட்டை உன்கிட்டயே இருக்கட்டும்."

அதன்பிறகு மோட்டார் நீண்ட நாள் ஓடவில்லை. துரு ஏறிவிடுமோ என்று அதற்குக் கவலை. ஆனால் குழாய் தினமும் ஏதாவது சேதி கொண்டுவந்தது. நீச்சல்குளத்துத் தண்ணீரை இறைத்துக் கழிவறைகளுக்கு விட்டார்கள். குளம் கொஞ்ச நாள் அழுதது, பிறகு காய்ந்து கிடந்தது. ஒழுகிய வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினார்கள். குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் தனிக் குழாயில் போய், மணல் தொட்டியில் வடிந்து, கழிவறைக்கும் மரங்களுக்கும் திரும்பின. கேட்டால்தான் விரிப்பு மாற்றுவது என்று ஆனது. புல்தரை மஞ்சளாகி மடிந்தது. அந்த மணலில் அடும்புக்கொடி தானாகப் படர்ந்தது.

எல்லாம் சுமுகமாக நடந்ததா என்றால், இல்லை. குளியல்தொட்டி பூட்டியிருக்கிறது என்று கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கியவர்கள் உண்டு. கல்யாண வீட்டார் அந்தப் பாலை மறக்கவே இல்லை. தவசிலிங்கம் சில நாட்கள் ரூபியோடு முகம் கொடுத்தே பேசவில்லை.

கீழே நல்ல தண்ணீர் இரவும் பகலும் அழுத்திக்கொண்டிருந்தது. உப்பு விரல் விரலாகத்தான் இறங்கியது. ஏறும்போது இருந்த வேகம் இறங்கும்போது அதனிடம் இல்லை.

"அக்கா, உன் பக்கம் எப்படி?" என்று மோட்டார் தெருப்பக்கம் கேட்டது.

"இன்னும் கரிக்குது தம்பி" என்றது அடிபம்பு. "பொம்பளைங்க தூரத்துல இருந்து சுமந்துட்டு வாராங்க. ரூபியும்தான்."

மோட்டார் தலைகுனிந்தது. ரூபி கட்டையைப் பிடுங்கியதால் ஹோட்டல் தப்பித்தது. தெரு இன்னும் தப்பிக்கவில்லை.

ஐப்பசியில் மழை இறங்கியது. இந்த வருஷம் இரண்டு கட்டடங்களின் மொட்டைமாடி மழையும் தெருவில் ஓடி வீணாகவில்லை. மதிலோரம் வெட்டிய குழிகள் வழியே மணலுக்குள் இறங்கியது. பல நாட்கள் பெய்தபின் ஒரு காலையில் அடிபம்பு மெல்லச் சொன்னது: "உப்பு விட்டுப்போகலை. ஆனா இன்னிக்குத் தெருவுல சோறு பொங்கினது என் தண்ணியிலதான்."

மழை ஓய்ந்ததும் கனி கயிறும் சங்கிலியுமாக வந்தான். மோட்டார் இறங்கியிருந்த ஆழத்திலிருந்து மேலே ஏறியது. சேர்த்த குழாய்கள் கழன்றன. அதற்குமேலும் குழாய்கள் கழன்றன. காயலான் கடைக்குத்தான் போகிறோம் என்று மோட்டார் நினைத்துக்கொண்டது.

"நிறுத்து. இந்த இடத்துல கட்டு" என்றாள் ரூபி.

மோட்டார் நல்ல தண்ணீரின் மேல்மட்டத்தில், அது மூழ்கும் அளவுக்கு மட்டும், தொங்கியது.

"அக்கா, என்ன சொல்றீங்க?" என்றான் கனி. "இங்க கட்டினா, தண்ணி கொஞ்சம் இறங்கினாலே மோட்டாருக்கு எட்டாது. காத்தை இழுத்து எரிஞ்சுபோயிடும்."

தவசிலிங்கமும் பக்கத்தில்தான் நின்றார். "ஆமா ரூபி. எரிஞ்சா என்ன செய்வே?"

"எரிஞ்சா, நாம அளவுக்கு மேல எடுத்துட்டோம்னு நமக்கு அன்னிக்கே தெரியும் அண்ணாச்சி. ஆழத்துல கிடந்தா, அதைத் தெருவுல குடிச்சுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிடணும்."

தவசிலிங்கம் கிணற்றின் வாயைப் பார்த்தபடி நின்றார். பிறகு கனியிடம், "அங்கேயே கட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல தண்ணீர் மெதுவாகக் கேட்டது: "பயமா இருக்கா?"

"இருக்கு" என்றது மோட்டார்.

சுவிட்ச் விழுந்தது. முதலில் காயப்போகும் தொண்டை தன்னுடையதுதான் என்று தெரிந்த பிறகு, மோட்டார் தண்ணீரை முன்போல இல்லாமல் அளந்து அளந்து இழுத்தது.